இடது சைடு

வெள்ளையின் இடது கன்னத்தில் தட்டினால்
அது முதலில் வலப்பக்கம்தான் விலகும்.
இதை ஒத்துக்கொள்ள எனக்கு
புரசைவாக்கம் இரண்டாம் மாடியில்
பதினோரு மாத டேபிள் காசு.

வெளியே மழை. ஏசி செத்துப் போச்சு.
துணி ஈரம் குடித்துக் கனக்கிறது.
கறுப்பு மட்டும் பாக்கி.
ரொசாரியோ எதையோ மெல்கிறான்.

நீலச் சாக்கை இன்னொரு முறை தேய்த்து
கறுப்புக்கு இடப்பக்கம்
ஒன்றுமில்லாத காற்றைக் குறிவைத்தேன்.

விழுந்தது.

வெள்ளை மட்டும் நிற்கவில்லை.
குஷன் பட்டதும்
உள்ளே மிச்சமிருந்த சுழல் விழித்துக்கொண்டது.
ஒரு பக்கம், மறுபக்கம்,
நடுக்குழியின் உதட்டில் கொஞ்சம் யோசித்து

அதுவும்.

"காசு நீதான்," என்றான், மென்றுகொண்டே.

தாணா தெருவில் முழங்கால் தண்ணீர்.
ஆட்டோக்காரர் கேட்டார்:
எந்தப் பக்கம்மா போணும்?