தண்ணிக் கழிவு

விடியல் நாலரை.
கொத்தமல்லி விதையைவிடச் சின்ன மாத்திரை.
விழுங்கினால் ஒரு மணி நேரம் காபி கிடையாது;
துறைமுகம் வரை நாக்கில் வெறும் உப்புக்காற்று.

கடலூர் முதுநகர் ஏலக்கூடத்தில்
நான் தராசுக்காரி.
ஐஸ் உருகி வடியும் ஒவ்வொரு கூடைக்கும்
ரெண்டு கிலோ தண்ணிக் கழிவு போடுவேன்.
பன்னிரண்டு வருசம். எவரும் மறுத்ததில்லை,
தேசப்பனைத் தவிர.

மூன்றாம் மாதம் மஞ்சக்குப்பத்தில்
என்னை ஏற்றினார்கள்.
எண்பத்தொன்று, எழுபத்தொன்பது ஆகியிருந்தது.
"அவ்வளவுதானா?"
"போனது உப்பும் நீரும்தாம்மா" என்றார் டாக்டர்.
"மிச்சத்துக்குத் தைராய்டைக் குறை சொல்ல முடியாது.
இளைக்கணும்னு மாத்திரையைக் கூட்டிடாதீங்க,
நெஞ்சுதான் படபடக்கும்."

சிரித்துவிட்டேன்.
என் கணக்கை
எனக்கே படிக்கிறார்.

ரத்தச் சீட்டில் வராதவையும் உண்டு.
வைகாசியில் போர்த்திக் கிடந்தவள்
இப்போது ஃபேன் போடு என்கிறேன்.
சீப்பில் முடி குறைவு.
ஏலத்தொகை காதில் விழுந்ததும் பேனா நகர்கிறது;
முன்பெல்லாம் காதுக்கும் கைக்கும் நடுவே
கெடிலம் ஓடும்,
கோடையில் ஓடுவதுபோல.

முதல் படகு இன்னும் வரவில்லை.
செருப்பைக் கழற்றிவிட்டு
மீன் தராசில் ஏறி நிற்கிறேன்,
பழைய செதில் ஒன்று பாதத்தில் ஒட்ட.
எழுபத்தொன்பது.
பெட்டி கழுவிக்கொண்டிருந்த தேசப்பன்
நிமிராமலே கேட்கிறான்:
"கழிவு போட்டாச்சா?"
"போட்டாச்சுடா. இது சுத்த எடை."

மணி ஐந்தரை தாண்டிவிட்டது.
இனி காபி குடிக்கலாம்.