ஏழு பாகை

மூன்றாவது தடவையும்
பேப்பரில் சுற்றித்தான் கொண்டுவந்தார்,
மீன் வாங்கி வருகிற மாதிரி.
என் மேசையில் வைத்து விரித்தார்.
கறுப்பு ரப்பர் வளையம், ஆறு துளை.
இரண்டாவது துளைக்கும் மூன்றாவதுக்கும் நடுவே
வாய் பிளந்து, உள்ளே நூல்பின்னல் தெரிந்தது.
பின்தண்டு கழற்றிய வண்டி
முன்சக்கரத்தில் இழுபட்டு வந்து
வாசலில் நின்றது.

"டூப்ளிகேட் சாமான் தந்திருக்கிறீங்க, மிஸ்."
எதிரிமான்ன பேசுவது நல்ல தமிழ்,
கோபத்திலும் மரியாதை குறையாது.

பஞ்சிகாவத்தையில் இந்த வார்த்தை
ஒரு நாளைக்கு நாற்பது தரம் காதில் விழும்.
எங்கள் கடைக்குப் பொருந்தாது என்று சொல்லமாட்டேன்.
வைப்பர் பிளேட்டுக்குப் பொருந்தும்.
ஒயில் ஃபில்டருக்கு, சில மாதங்களில், பொருந்தும்.
கப்ளிங்குக்கு இல்லை.
பெட்டியின் இலக்கமும் வளையத்தின் இலக்கமும் ஒன்று.
முதலாவது ஏழாயிரம் கிலோமீற்றர் ஓடியது,
அடுத்தது நாலாயிரம்,
இது ஆயிரத்து எண்ணூறு.
கிளெய்ம் புத்தகத்தில் எல்லா வரியும் என் கையெழுத்து.

மஃபாஸ் எங்கள் ஆள் இல்லை, எதிர் ஒழுங்கையில் கராஜ்.
நான் கூப்பிட்டதற்காக வந்தான்.
அடியில் புகுந்தான், கால் இரண்டும் வெளியே.
தண்டைத் திரும்பத் தூக்கிக் கட்டும் சத்தம்.
பிறகு, "கொம்பாஸ் பெட்டி இருக்கா?"
முதலாளியின் மகன் ஓ.எல். எழுதிவிட்டு விட்டுப்போனது
ஸ்டாம்ப் பேட்டுக்குக் கீழே கிடந்தது.
பாகைமானியை நீட்டினேன்.
நூலும் ஒரு நட்டும் கேட்டான், தூக்குக்குண்டாக.

ஏழு பாகை.

ரப்பர் மூன்று வரை பொறுக்கும், என்றான்.
ஏழில்
ஒவ்வொரு சுற்றிலும் இழுபட்டு, நசுங்கி, இழுபட்டு,
நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்று.
சூடு உள்ளுக்குள்ளேயே பிறக்கும்,
வெளியே தொட்டால் தெரியாது.

ராஜகிரியவில் யாரோ ஸ்பிரிங் மாற்றி
மூன்று அங்குலம் உயர்த்திக் கொடுத்திருக்கிறார்கள்.
கியர்பெட்டி மேலே போனது.
டிஃபரென்ஷல் இருந்த இடத்திலேயே இருந்தது.
இடையில் கிடந்தது ரப்பர்.

"காட்டுக்குப் போறீங்களா சேர்?"
போன வருஷம் ஒருதரம், நக்கிள்ஸ்.
மழை என்று பாதியில் திரும்பியாச்சு.
மற்றபடி பத்தரமுல்லை, கொள்ளுப்பிட்டி,
பிள்ளையின் டியூஷன்.

"அப்ப ஒன்று பழையபடி இறக்குங்க,
இல்லாட்டி இரும்பு ஜொயின்ற் போடுங்க."
இரும்பு போட்டால் அதிரும், என்றார்.
மனைவிக்கு முதுகு நோ.
இறக்கினால்?
அதற்கு ஒன்றும் சொல்லாமல்
வெளியே பார்த்தார்.
அவருடைய வண்டியின் கண்ணாடிக்குக் கீழே
ஓர் ஓட்டோ, கூரை தட்டாமல் நின்றது.
அவ்வளவுதான், எனக்கு விளங்கியது.

படிவத்தில் மூன்று பெட்டி:
தயாரிப்புக் குறை. பொருத்திய பிழை. வேறு.
போன இரண்டு முறையும் முதலாவதில் சரி போட்டேன்,
வாடிக்கை போய்விடக் கூடாதென்று.
எங்கோ ஒரு கம்பெனி
தான் செய்யாத குற்றத்துக்கு இரண்டு தரம் பணம் தந்தது.
இந்த முறை, வேறு என்பதற்கு எதிரே
அரை அங்குலக் கோட்டில்
உயரம் என்று எழுதினேன்.
எழுதிவிட்டுக் கிழித்தேன்.

காசுக்கு பில் போட்டேன். நாலாவது.
முதலாளிக்கு லாபம், எனக்கு நூற்றுக்கு இரண்டு.
மஃபாஸ் கூலி வேண்டாம் என்றான்,
பிறகு வாங்கினான்.
அம்புக்குறி எந்தக் கையைப் பார்க்க வேண்டுமோ
அதையே பார்க்கும்படி வைத்து முறுக்கினான்.
அவன் வேலையில் பிழை பிடிக்க முடியாது.

எதிரிமான்ன பக்கப்படியில் கால் வைத்து,
கைப்பிடியைப் பற்றி,
இரண்டு தரம் எம்பித்தான் ஏறினார்.
வண்டி மருதானைப் பக்கம் திரும்பும்போது
காது கொடுத்துக் கேட்டேன்.
ஒன்றுமில்லை.
புதிது அப்படித்தான்,
கொஞ்ச நாளைக்குச் சத்தமே போடாது.