குறைந்தது

கிண்டியில் என் பெயர் நான்காம் எண்.
வாரம் இரண்டு நாள், அமர்வுக்கு நானூற்றைம்பது ரூபாய்.
காபி கூடாது. மல்லிகை கூடாது.
தைலம், சாம்பிராணி,
முந்தைய இரவின் பூண்டுக் குழம்பு, எதுவும் கூடாது.
மணமில்லாத சோப்பை அவர்களே தருகிறார்கள்.
விம்கோ நகரில் மெட்ரோ ஏறி உட்கார்ந்த பிறகு
பக்கத்தில் பூ வைத்தவள் வந்தால்
எழுந்து அடுத்த பெட்டிக்குப் போவேன்.
திமிர் பிடித்தவள் என்று நினைத்திருப்பார்கள்.

மூன்று குழாய். ஒன்றில்தான் வாசம்,
மற்ற இரண்டில் வெறும் காற்று.
எதில் என்று சொல்ல வேண்டும்.
தெரியாவிட்டாலும் சொல்ல வேண்டும்,
'ஊகம்' என்ற பொத்தானை அழுத்திவிட்டு.
ஆயிரத்தில் ஒரு பங்காகக் கரைத்துத் தொடங்கி
ஐநூறு, இருநூற்றைம்பது என்று
கெட்டியாக்கிக்கொண்டே வருவார் கோதண்டம் சார்.
நாங்கள் ஆறு மூக்கு.
பாதிப் பேர் சரியாகச் சொல்லும் இடம் எதுவோ
அதுதான் அந்தப் பையின் எண்.

போன மாசியில் 'எம்-17' என்று ஒரு பை.
முதல் கரைப்பிலேயே
என் வீட்டுச் சமையலறை ஜன்னல் திறந்தது.
சிலிண்டர் மாற்றும்போது வருமே, அது.
அடியில் அழுகிய முட்டை,
அதற்கும் அடியில் சூடான ரோடு.
எந்தக் கம்பெனி என்று கேட்கக் கூடாது, கேட்கவில்லை.
பையில் ஒட்டிய சீட்டை மட்டும் படித்தேன்:
கிழக்கு வேலி, பகல் 11.15.
அந்நேரம் கடல்காற்று ஏறிவிடும்,
எல்லாவற்றையும் மாதவரம் பக்கம் தள்ளிப்போய்விடும்.
கிழக்கு வேலியில் மிஞ்சுவது
குழம்புச் சட்டியைக் கழுவிய தண்ணீர்.
மற்ற ஐந்து பேருக்கும் கடைசிவரை எட்டவில்லை.
என் விடையை நீக்கிவிட்டார்கள்.
மற்றவர்களோடு ஒத்துப்போகவில்லையாம்.

ராத்திரி ஒன்றரைக்குப் பை பிடிக்க யாரும் வருவதில்லை.
தென்றலுக்கும் வாடைக்கும் எத்தனையோ பாட்டு.
மணலியிலிருந்து எர்ணாவூர் வரும் மேல்காற்றுக்கு
என்னிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு.
மொட்டைமாடி டியூப்லைட்டின் கீழ்
ஒரு சிட்டிகை கோதுமை மாவைத் தூவுவேன்.
அது நகர்வதைப் பார்த்து எழுதுவேன்: நொடிக்கு ஒரு மீட்டர்.
தூரம் மூன்று கிலோமீட்டர், போன் சொன்னது.
புகை எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம் விரியும் என்பது
கோதண்டம் சாரின் சுவரில் தொங்கும் அட்டவணை,
அவர் டீ குடிக்கப் போனபோது போட்டோ எடுத்தது.
என் மூக்கு எத்தனை மில்லிகிராமில் விழித்துக்கொள்ளும்?
அதைக் கிண்டியே சொல்லிக்கொடுத்திருக்கிறது.
எல்லாவற்றையும் பெருக்கினால்
மணிக்கு மூன்று கிலோ.
முன்னால் 'குறைந்தது' என்று சேர்த்துக்கொள்வேன்.
மூக்குக்குத் தெரிந்த ஒரே நேர்மை அது.
அதிகபட்சத்தைச் சொல்லக் கருவி வேண்டும்,
கருவி வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

மூன்று கிலோ.
மாதத்துக்கு நாங்கள் வாங்கும் துவரம்பருப்பு.

மேல்வீட்டு ரெஜினாவுக்கு
கொரோனாவில் போன வாசனை திரும்பவே இல்லை.
கிரில் வழியாகக் கேட்பாள்: "இன்னிக்கு எவ்ளோ?"
ஐந்துக்கு இரண்டு என்றால் தூங்கப் போவாள்.
மூன்றென்றால் ஜன்னலைச் சாத்தி
பையனின் கட்டிலை உள்ளே இழுப்பாள்.
ஒரு மூக்கில் இரண்டு வீடு.

ஐப்பசியில் ஒரு ராத்திரி நான்கைத் தாண்டியது.
சரியாக 2.40க்கு நின்றது,
சுவிட்சை அணைத்த மாதிரி.
முழங்கை மடிப்பை முகர்ந்து பார்த்தேன்,
கிண்டியில் அப்படித்தான் மூக்கைக் கழுவிக்கொள்வோம்.
வேர்வை வரவில்லை.
துணி சோப்பும் வரவில்லை.
இருந்தும் படியேறிப் போய்ச் சொன்னேன்: பூஜ்ஜியம்.

கதவைத் திறந்தவள்
முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டிருந்தாள்.
"வெங்காயம் உரிச்ச மாதிரி எரியுது,
நீ பூஜ்ஜியம்ங்கிற?"

ஈரத்துண்டை நான் நனைத்தேன், அவள் கதவிடுக்கில் அடைத்தாள்.
பையன் புரண்டு படுத்தான்.
விடிந்த பிறகு நோட்டைத் திறந்து
2.40க்கு நேரே எழுதியிருந்த எண்ணை அடித்தேன்.
அந்தக் கட்டத்தில் இப்போது இருப்பது:
ரெஜினா, கண்.