பதினோராம் வாசல்

மேட்டூர் அணைக்குக் கீழே
உபரிநீர்க் கால்வாயின் கரும்பாறை இடுக்கில்
குறுக்கே கம்பி இழுத்து, கம்பியில் கழி கட்டி
இருபது வாசல் தொங்கவிட்டிருந்தார்கள்.
சுவரில்லை, நிலையில்லை, கதவில்லை.
பதினோராவது என்னுடையது.

மேச்சேரிப் பள்ளியில் பி.டி. டீச்சர் நான்.
கபடிக் கோடு பார்த்துப் பழகிய கண் என்று
இரண்டே நாள் பயிற்சியில் நடுவராக்கிவிட்டார்கள்.
பிளாஸ்டிக் நாற்காலி, குடை, ஒரு பேனா.
எழுத மூன்றே எண்கள்:
படாமல் போனால் சைபர்,
கழியில் பட்டால் இரண்டு,
வாசலையே விட்டால் ஐம்பது.
எல்லாம் விநாடிக் கணக்கு.
(அன்று முழுக்க மனசு அப்படியே போட்டுக்கொண்டிருந்தது.
பஸ்ஸில் முழங்கையால் இடித்தவனுக்கு இரண்டு.
அக்கா மகள் கல்யாணத்துக்குப் போகாத எனக்கு
ஐம்பது.)

பச்சைக் கழி என்றால் நீரோடு போய்விடலாம்.
என்னுடையது சிவப்பு.
தாண்டிப் போய், சுழிக்குள் படகின் மூக்கைச் செருகித் திருப்பி
வந்த தண்ணீருக்கே முகம் கொடுத்து
மேல்நோக்கி நுழைய வேண்டும்.
தஞ்சாவூர் வயலுக்குப் போகிற அவசரத்திலும்
தண்ணீர் ஒவ்வொருத்தி தோளையும்
பிடித்து உலுக்கிவிட்டே போனது.
பிரெஞ்சுக்காரி ஹெல்மெட்டால் உரசினாள். இரண்டு.
செக் நாட்டுப் பெண் கவிழ்ந்து, நிமிர்ந்து,
நிமிரும்போது வாசல் எங்கோ மேலே இருந்தது. ஐம்பது.
ஜப்பான்காரி வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.
அனல்மின் நிலையப் புகை ஒரு பக்கம்,
ஜிலேபிக் கெண்டை பொரிக்கும் வாசம் ஒரு பக்கம்.

பிறகு இருபத்து மூன்றாம் எண்,
பண்ணவாடி மாதம்மாள்.
கூட்டம் எழுந்ததில் என் குடை சாய்ந்தது.
துடுப்பு ஒரு குத்து, இடுப்பு ஒரு வெட்டு,
நுழைந்துவிட்டாள்.
கழி ஆடியது.

தண்ணீர் தொட்டால் குற்றமில்லை.
காற்று தொட்டால் குற்றமில்லை.
ஆள் தொட்டால்தான்.
தோளா, அலையா?
கழி நம்மூர்த் தலையாட்டலாய் ஆடியது.
ஆமாம் என்றும் கொள்ளலாம்,
இல்லை என்றும்.

சந்தேகம் வந்தால் சைபர் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.
வந்தது சந்தேகமா, ஆசையா என்று
கேட்கச் சொல்லிக்கொடுக்கவில்லை.
சைபர் போட்டேன்.
மற்றச் சைபர்கள் தாமாக உருண்டன;
இதற்கு மட்டும் பேனா
சுற்றி வர நேரமெடுத்தது.

பதினேழாம் வாசலை அவள் விட்டுவிட்டாளாம்.
கடைசிக்கு இரண்டு இடம் முன்னால் முடித்தாள்.
என் சைபரால் யாருக்கும் லாபமில்லை,
யாருக்கும் நஷ்டமில்லை.
கேட்பாரில்லாத எண்ணாய்
தாளோடு போய்ச் சேர்ந்தது.

ஆறு மணிக்குப் போட்டிக்கான ஷட்டரை இறக்கினார்கள்.
இரைச்சல் வடிய,
பாறைகள் ஒவ்வொன்றாய் முதுகு காட்டின.
வாசல்கள் வெறும் கல்லுக்கு மேல் தொங்கின.
நாற்காலி அடுக்க வந்த பையன்
எழுந்திருங்க மேடம் என்றான்.
கொஞ்சம் பொறு என்றேன்.
காற்றுக்கு அந்தக் கழி ஆடுகிறதா என்று
பார்க்க வேண்டியிருந்தது.