இரண்டு மணிக்கு வந்த மாட்டு டாக்டர்

தலைச்சன் ஈற்றுக் கிடாரி அது.
கன்று போட்டாள், மோந்து பார்த்தாள்,
பிறகு யார் வீட்டுப் பொருளோ என்பதுபோல்
வேலிப் பக்கம் திரும்பி நின்றாள்.
மடிக்கு வந்த கன்றை உதைத்தாள்.

பல்தசார் திட்டவில்லை.
"பாவம், இவளுக்கு என்னவோ சரியில்லை" என்று
போனை எடுத்தான். இரவு மணி இரண்டு.
சாவோ ஜார்ஜ் தீவின் முதுகெலும்பைத் தாண்டி
மூடுபனிக்குள் ஒரு மஞ்சள் விளக்கு
நாற்பது நிமிடத்தில் வந்து சேர்ந்தது.

டார்ச் பிடித்திருந்தது நான்.
சட்டை நனைந்திருந்தது, பாலால்.
உள்ளே நாத்தனார் மடியில் தொமே அழுகிறான் என்று
உடம்புக்குத் தெரிந்தது.
எனக்குத் தெரியவில்லை.

ஏழாம் மாதத்திலேயே தொடங்கிவிட்டது.
ஹைட்ரேஞ்சா வேலிகள் பூத்துக் கொட்டிய ஜூலையில்
நீலம் மட்டும் என்னிடம் வந்து சேரவில்லை.
தொட்டிலுக்கு வெள்ளையடித்தேன்,
அடித்த கை யாருடையதோ.
வயிற்றுக் கனம் என்றார்கள்.
அப்புறம், தூக்கமில்லை. அப்புறம்,
முதல் பிள்ளைக்கு எல்லோருக்கும் இப்படித்தான்.
பெற்றபின் ஆறு வீட்டிலிருந்து கோழிக் கஞ்சி வந்தது.
ஆறு பாத்திரத்தையும் கழுவித் திருப்பிக் கொடுத்தேன்,
ஆளுக்கொரு சிரிப்போடு.
யாரிடமும் திருப்பித் தர முடியாதது ஒன்று இருந்தது:
பால் வண்டி ஓட்டிப் போகும் மலைவிளிம்புப் பாதையில்
தினமும் அதே வளைவில்
நீ இல்லாவிட்டால் இவர்களுக்கு நிம்மதி
என்று ஒரு குரல், என் குரலிலேயே.

டாக்டர் கிடாரியின் காதைத் தொட்டுச் சூடு பார்த்தார்.
அழுத்தாமல் மடியைத் தடவினார்.
"எப்போதிலிருந்து இப்படி?" என்றார்.

டார்ச் ஆடியது.

"மனுஷிக்குக் கூப்பிட்டா வர
யாராவது இருக்காங்களா?"
கேட்டது நான்தான்.
பல்தசார் திரும்பினான். வெளிச்சம் அவன் முகத்தில்.
கண் கூசியபடியே என்னைப் பார்த்தான்.
அது என்ன பேச்சு என்று கேட்கவில்லை.
அதற்காகவே அவனை
இன்னும் பத்து வருடம் மன்னிக்கலாம்.

காலையில் வெலாஸ் சுகாதார நிலையம்.
நர்ஸ் ஜுல்மீரா கதவைச் சாத்தினாள்.
ஒரு தாள், பத்துக் கேள்வி.
ஒன்பது வரை நல்ல மாணவி.
பத்தாவதில் "ஒருபோதும் இல்லை" என்று குறித்தேன்.
அடித்தேன்.
மேல்கட்டத்துக்குப் போனேன். பேனா தாளைக் கிழித்தது.

அவள் பதறவில்லை.
கிழிசல்மேல் விரலை வைத்துக்கொண்டு,
"இன்றைக்குத் தனியாக இருக்கவேண்டாம்" என்றாள்.
"இதற்குப் பெயர் இருக்கிறது. மருந்து இருக்கிறது.
நல்ல தாயா, கெட்ட தாயா என்று
இந்தத் தாளில் எங்கேயாவது கேட்டிருக்கிறதா, பாருங்கள்."
பார்த்தேன். நிஜமாகவே,
பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.

மாத்திரை பயறளவு. முதலில் பாதி.
பால் கொடுக்கலாம், டாக்டர் பார்த்துத்தான் எழுதினார்.
வியாழன் படகில் உளவியலாளர் வருவார்,
கடல் கோபித்தால் போனில்.
மூன்று வாரம் வாய் உலர்ந்ததுதான் மிச்சம்.
நாலாவதில் ரொட்டி ருசித்தது.
ஐந்தாவதில் வளைவு மறுபடி பேசியது.
வண்டியை நிறுத்தி, ஜுல்மீராவைக் கூப்பிட்டேன்.
அவள் எடுத்தாள். அவ்வளவுதான் நடந்தது.

கிடாரி என்ன ஆனாள் என்று கேட்பீர்கள்.
கடைசிவரை ஏற்கவில்லை.
கன்று வேறொருத்தியிடம் குடித்து வளர்கிறது,
முரட்டுக் கன்று.
இதைச் சொல்லி அழுதபோது உளவியலாளர்
மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"நீங்கள் கிடாரி இல்லை, லுசிந்தா.
கண்ணில் பட்டதையெல்லாம்
எடுத்துப் போர்த்திக்கொள்ளாதீர்கள்."

நேற்று தொமே தும்மினான்.
ஒன்று, இரண்டு, மூன்று.
நாலாவதற்குக் காத்திருந்தேன். வரவில்லை.
காத்திருந்தேன் என்பதை மட்டும்
வியாழக்கிழமை சொல்லவேண்டும்.