ஓட்டும்போதுதான் வரும் சத்தம்

காலடிப்பேட்டையில் இருபத்தோரு வருஷமாய்
சத்தத்தைக் கேட்டுத்தான் எனக்குச் சோறு.
செயின் தளர்ந்ததா, டேப்பெட் தட்டுதா,
சைலன்சரில் ஓட்டையா,
தெருமுனையில் வண்டி திரும்பும்போதே சொல்லிவிடுவேன்.
ஸ்பேனரைத் தொடுவது அதற்கப்புறம்தான்.

இந்தச் சத்தம் மட்டும் பிடிபடவில்லை.

ராத்திரி ஒன்றரை, ஒன்றே முக்கால் இருக்கும்.
கட்டிலுக்கடியில் வாஷர்
முன்கால்களை அகட்டி, தரையோடு பதுங்கி,
கழுத்தை நீட்டி இழுக்கிறாள்.
கர்... ஹீ... கர்... ஹீ...
கக்கப்போகிறாள் என்று பழந்துணியோடு ஓடுவேன்.
ஒரு முடிகூட வராது.
அரை நிமிஷம்.
பிறகு உதட்டை நக்கிக்கொண்டு
எனக்கென்ன என்பதுபோல் நடந்துபோவாள்
தட்டில் மீந்த காரப்பொடியை முகர.
நான்தான் விடியும்வரை உட்கார்ந்திருப்பேன்.

மாதத்துக்கு ஒருமுறை என்றிருந்தது,
மழை விட்டபிறகு வாரத்துக்கு ஒன்று.

முடி சிக்கியிருக்கும் என்றாள் வேதவல்லி.
கார்புரேட்டர்ல தூசிண்ணே என்றான் ஜாகிர்.
சிரித்தேன். அன்றைக்கு
மூன்று கார்புரேட்டர் கழற்றினேன்,
ஒவ்வொன்றையும் ஊதும்போது
அவள் மூக்குதான் ஞாபகம்.

மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பும் ராத்திரிகளில்
ஜன்னலைச் சாத்தினாலும் வாடை உள்ளே வரும்.
நமக்குப் பழகிவிட்டது என்கிறோம்.
நாலு கிலோகூட இல்லாத உடம்புக்கு
யார் பழக்கிக்கொடுத்தது?

செவ்வாய்க்கிழமை
கடையை ஜாகிரிடம் விட்டு,
தக்காளிக் கூடையைக் கயிற்றால் கட்டி
வேப்பேரிக்கு ஆட்டோ பிடித்தோம்.
பேசின் பிரிட்ஜ் தாண்டும்வரை அவள் கத்திய கத்தலில்
டிரைவர் பாட்டை அணைத்துவிட்டார்.
ஆஸ்பத்திரி வரிசையில்
காலில் கட்டுப்போட்ட ஆடு,
ஷூ பெட்டிக்குள் ஒரு கிளி.
எங்கள் முறை வந்தது.
வாஷர் ஷோரூம் வண்டி மாதிரி மூச்சுவிட்டாள்.

"இப்ப நல்லாதானே இருக்கு?" என்றார் டாக்டர்.
"ஓட்டும்போதுதான் மேடம் வரும்."
வாய் தவறி அப்படித்தான் வந்தது.
இதே வார்த்தையோடு வந்து நின்ற எத்தனை பேரை
சத்தம் வரச்சே கொண்டாய்யா என்று
திருப்பி அனுப்பியிருப்பேன்.

போனில் பிடித்ததைப் போட்டுக் காட்டினேன்.
ஃபேன், எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி,
நடுவில் அவள்.
டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.
இன்னொருமுறை போடச் சொன்னார்.
"பூனை நிறுத்தின பிறகும் ஒரு இழுப்பு கேக்குதே,
அது யாரு?"

வேதவல்லி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.
நான் கூடைக் கயிற்றை முடிந்துகொண்டிருந்தேன்.

ஆஸ்துமாவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்,
அடுத்த வாரம் எக்ஸ்ரே எடுத்தால் தெரியும்.
கொசுவத்தி கூடாது, சாம்பிராணி கூடாது.
வீட்டில் யாராவது சிகரெட்?
வாசலில்தான் மேடம்.
வாசலும் கூடாது.
தூங்கும்போது ஒரு நிமிஷம் மூச்சை எண்ணுங்கள்,
முப்பதைத் தாண்டினால்,
வாயைத் திறந்து இழுத்தால்
அந்த நேரமே தூக்கிக்கொண்டு வாருங்கள்.

இப்போது கொசுவலைக்குள் மூன்று பேர்.
வெள்ளிக்கிழமை சாமிக்கு விளக்கு மட்டும்;
சாமி ஒன்றும் சொல்லவில்லை.
போன் வெளிச்சத்தை உள்ளங்கையால் மறைத்து
விலா ஏறி இறங்குவதை எண்ணுகிறேன்.
புதன் இருபத்திரண்டு.
வியாழன் இருபத்தாறு, பயந்து மறுபடி எண்ண இருபத்துநாலு.
வெள்ளி பதினெட்டில் லாரிக்காரன் ஹாரன் அடிக்க
விட்டுப்போனது.
கடை நோட்டில் பாக்கிக் கணக்குக்குப் பக்கத்திலேயே
எழுதி வைக்கிறேன்.
பழைய பாக்கி கொடுக்க வந்த மீன் வண்டிக்காரர்
விரல் வைத்துப் படித்தார்:
"வாஷர் இருபத்துநாலா?
என் வண்டிக்கு இன்னாத்துக்குய்யா இத்தினி வாஷர்?"

இன்றைக்குச் சத்தம் இல்லை.
அவள் என் கால்மாட்டில் வட்டமாய்ச் சுருண்டு,
நடுவில் ஓட்டை மட்டும் விட்டு.
இருபத்தொன்று.
சொல்லலாமென்று திரும்பினேன்.
என் முதுகில் ஏற்கெனவே ஒரு கை இருந்தது,
எத்தனை ராத்திரியாய் என்று தெரியவில்லை.

"பேசாத," என்றாள் வேதவல்லி இருட்டில்,
"எண்ணினுகீறேன்."