எஃபுக்கு விட்ட இடம்

என்னிடம் இரண்டு தட்டச்சு இயந்திரங்கள் இருந்தன.
ஒன்றுக்கு ருஷ்யன் தெரியும், மற்றதற்கு லத்தீன்.
தாள்கட்டு இரண்டிலும் ஏறி இறங்கும்.
இரண்டுக்குமே வளைத்து எழுத வராது.

ஆகவே இடம் விட்டு அடிப்பேன்.
பட்டையை இரண்டு முறை தட்டினால்
ஒரு சுருள் எஃப் உட்காரும் அகலம்.
எஸ் கொஞ்சம் பருமன், இரண்டரை;
அந்த அரைக்கு
வண்டியைக் கையால் பிடித்து நகர்த்த வேண்டும்.
எழுதியவர் வந்து பேனாவால் நிரப்பிவிட்டுப் போவார்.
தார்த்துப் பல்கலைக்கழகத்தின் கணிதத்தை
பதினாறு ஆண்டுகள்
ஓட்டை ஓட்டையாக அடித்துக் கொடுத்தவள் நான்.

மார்ச் மாதம், ஆற்றங்கரைப் பனிக்கட்டியில் வழுக்கி
இல்மார் ரவுத்வே வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார்.
வெள்ளிக்கிழமை ஆய்வேடு மாஸ்கோ ரயிலில் ஏறியாக வேண்டும்.
ஐந்து படிகள்.
கார்பன் தாள் எதையும் இறக்கும்,
வெற்றிடத்தை வெற்றிடமாகத்தான் இறக்கும்.
படிக்கு நானூற்றுப் பன்னிரண்டு எஃப்.
பெருக்கிப் பார்த்தேன்.
பிறகு காபிக்குத் தண்ணீர் வைத்தேன்.

"நேராக நிற்கிற எஃப் வேறா?"
"வேறு. அது ஒரு சார்பு."
"சாய்ந்து நிற்பது?"
"அது ஒரு கணம்."
"இந்தச் சுருட்டை முடிக்காரி?"
மாவுக்கட்டுக் கையை மடியில் கிடத்திக்கொண்டு சிரித்தார்.
"கணங்களின் கூட்டம். பைகளைப் போட்டு வைக்கிற பை."

என் சமையலறைக் கதவுக்குப் பின்னாலும் தொங்குகிறது அது:
கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக் பைகள்
ஒரு பைக்குள் பிதுங்கிக்கொண்டு.
அதற்கு நான் தனி எழுத்து வைக்கவில்லையே என்றேன்.
"பையையும் பைக்குள் இருப்பதையும்
ஒன்றாக எண்ணிவிட்டால் எல்லாம் இடிந்து விழும்.
ஒரு தடவை விழவும் விழுந்தது," என்றார்,
பக்கத்துத் தெருவில் நடந்த விபத்தைச் சொல்வது போல.

எழுத்துகள் இருபத்தாறுதான்.
சொல்ல வேண்டியவை அதற்குள் அடங்குவதில்லை.
ஒரே ஆளுக்கு மூன்று சட்டை மாட்டி
மூன்று பேர் என்று கணக்குக் காட்டுகிறார்கள்.
பெரிய எழுத்துக்கே இந்தத் தலையெழுத்து.

பள்ளிக்கூடத்து இரட்டைக் கோட்டு நோட்டில்
அடி வாங்கிப் படித்த எஃப் என் விரலில் இருந்தது.
தலையில் ஓர் அலை,
இறங்கும் முதுகு,
அடியில் இடப்பக்கமாக ஒரு சுழி,
இடுப்பில் சின்னதாய் ஒரு கோடு.
அந்தக் கோட்டில்தான் இருக்கிறது எல்லாம்.
கோடு விட்டுப்போனால் அது எஃப் இல்லை, டி.

முதல் படி கல்யாணப் பத்திரிகை மாதிரி வந்தது.
மூன்றாவதில் சுழிகள் சோம்பின.
நான்காவதில் ரவுத்வே என் கோட்டைப் போர்த்திக்கொண்டு
நாற்காலியிலேயே தூங்கிப்போனார்.
ஐந்தாவது
எனக்கு நினைவில்லை.

நான்கு படிகள் ரயிலேறின.
ஐந்தாவது நூலகத்துக்குப் போனது.

பதினோரு ஆண்டு கழித்து ஒருத்தி வந்தாள்,
மால்லே ஊய்போ,
காலணியில் ஒட்டிய பனியோடு அறைக்குள்.
ரவுத்வே அப்போது நோவோசிபிர்ஸ்கில்;
கடிதம் போட்டால் பதில் போடும் ஆளும் இல்லை.
"எழுபத்து மூன்றாம் பக்கத்தில் ஒரு டி வருகிறது," என்றாள்.
"எங்கிருந்து வந்தது என்று எங்கேயும் இல்லை.
ஆனால் நிரூபணம் அதன் மேல்தான் நிற்கிறது."

பார்த்தேன்.
என் முதுகு, என் சுழி.
இடுப்பு மட்டும் வெறுமையாக,
பக்கம் பக்கமாக.

"டி என்று ஒன்றும் கிடையாது, பெண்ணே.
இரவு இரண்டரை மணி அது."

மேசையில் இருந்த பேனாவை எடுத்தேன்.
நூற்றுச் சொச்சம் கோடுகள், கால் மணி நேர வேலை.
அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
இரண்டு மாதமாக அந்த டியோடுதான் இருக்கிறாளாம்.
எஃபில் பாதியைத் தள்ளிவிட்டால்
மிஞ்சுவது அதுவாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு
ஏதோ கொஞ்சம் நிரூபித்தும்விட்டாளாம்.
"சின்னதுதான். ஆனால் நிற்கிறது."

பேனாவை மூடினேன்.
மன்னிப்புக் கேட்பதா வாழ்த்துவதா என்று தெரியவில்லை.
காபி வேண்டுமா என்று கேட்டேன்.

அடுத்த வசந்தத்தில் அவளுடைய கையெழுத்துப் பிரதி
தட்டச்சுக்கு வந்தது.
முதல் பக்கத்திலேயே இருந்தது வரையறை.
லத்தீன் இயந்திரத்தில் தாளைச் சொருகி
அந்த இடம் வந்ததும் பட்டையைத் தட்டினேன்.
டிக்கும் இரண்டு தட்டுதான்.